பாமினிக் கோப்புகளை மீட்கும் மென்பொருளுக்கு எந்த உரிமம் போடுவது?

தம்பி கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் மூடிவிட்ட ஒரு அச்சகத்திலிருந்து பழைய கம்பியூட்டர் ஒன்றும் ஒரு பெட்டி ஃப்ளொப்பிகளும் அவர் கைக்கு வந்திருக்கின்றன. உள்ளே கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், பள்ளிவாசல் அறிவித்தல், கலியாணக் காட் என்று எல்லாம் கிடக்கிறது, எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளில், பாமினியிலும் அதைப்போன்ற வேறு எழுத்துருக்களிலும் அடித்தவை. ஃப்ளொப்பியை அப்படியே பிரதியெடுத்த இமேஜ் கோப்பை வாசித்து, பேஜ்மேக்கர் கோப்புக்குள் இருக்கும் எழுத்தைப் பிரித்து, யுனிகோடாக மாற்றும் ஒரு மென்பொருளைத் தம்பி பைதனில் எழுதியிருக்கிறார். இனி அதை வெளியில் விடவேண்டும். கூட்டாளி எம்ஐடி உரிமம் போடச் சொல்கிறார், படிப்பித்த சேர் ஜிபிஎல் உரிமம்தான் என்கிறார் (இரண்டும் என்னவென்று பிறகு சொல்கிறேன்), தம்பிக்கோ "வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது" என்று தானே ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாமா என்று யோசனை. கொழும்பிலோ சென்னையிலோ யாராவது எடுத்துப் பெயரை மாற்றி விற்றுவிடுவார்கள் என்ற பயம்.

நேரே சொல்கிறேன். நிரலுக்கு எம்பிஎல் 2.0, அதாவது மொஸில்லா பொது உரிமம்; எழுத்து மாற்று அட்டவணைகளுக்கு சிசி0, அதாவது நிபந்தனை ஒன்றும் இல்லாமல் பொதுவுடைமையாக விடுவது. அந்த மூன்றாவது யோசனையை விட்டுவிடுங்கள். இனி ஏன் என்று பார்ப்போம், ஏனென்றால் காரணம் தெரியாமல் உரிமம் போட்டால் நாளைக்கு வேறொருவர் வேறு ஒன்று சொன்னதும் மாற்றத் தோன்றும், நாலு பேரின் கோட் உள்ளே வந்தபிறகு மாற்றுவது லேசான வேலை இல்லை.

வியாபாரத் தடையில் இருந்து தொடங்குகிறேன், பழசைப் பாதுகாக்கும் மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை இதுதான். பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களைக் கம்பியூட்டரில் ஓட்டும் மேம் என்ற மென்பொருள் 1997இல் வந்தது. அதன் உரிமம் பல வருடங்களாக வியாபாரப் பயன்பாட்டைத் தடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் டிக்கெட் வெட்டி ஆட்களை உள்ளே விடும் ஒரு அருங்காட்சியகம் வியாபாரமா இல்லையா? நன்கொடை வாங்கும் ஒரு சங்கம்? ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வி எழும்பும், எழும்பினால் நேர்மையான ஆள்தான் பின்வாங்குவார், களவெடுக்கிறவர் உரிமத்தை வாசிக்கப்போவதே இல்லை. கடைசியில் 2016 மார்ச்சில் மேம் முழுதாகத் திறந்த உரிமத்துக்கு, அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தி, திருத்தி, பகிரலாம் என்ற உரிமத்துக்கு வந்தது: பெரும்பாலான கோப்புகள் எம்ஐடியைப் போன்ற மூன்று நிபந்தனை பிஎஸ்டி, மொத்தத் திட்டம் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தியது. அதுவரை எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர், அவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்கவேண்டி வந்தது. தொடக்கத்தில் ஒரு கோப்பில் சரியான உரிமத்தின் பெயரைப் போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் வேலை.

இதே மாதிரியான வியாபாரத் தடையால் ஸ்னெஸ்9எக்ஸ் என்ற இன்னொரு எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போலச் செய்யும் மென்பொருள், டெபியன் லினக்ஸின் முதன்மைத் தொகுப்புக்குள் போகமுடியாமல் சுதந்திரமற்றவை என்ற பக்கத்தில் நின்றது. உங்கள் விசயத்தில் யோசித்துப் பாருங்கள். அக்கரைப்பற்றில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்காரர் உங்கள் மென்பொருளை வைத்து ஆட்களின் பழைய கோப்புகளை நூறு ரூபாய்க்கு மாற்றிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அது வியாபாரம்தான், ஆனால் அவரைத் தடுத்து யாருக்கு லாபம்? ஊருக்குள் கிடக்கும் ஃப்ளொப்பிகளில் பாதி அவருடைய கடைவழியாகத்தான் மீளப்போகிறது. அவரைத்தான் நான் உங்கள் முதல் பயனாளர் என்று நினைக்கிறேன், பல்கலைக்கழகத்தை அல்ல.

அப்புறம், "தானே ஒரு வரி எழுதிப் போடுவது". சிம்எச் என்று ஒன்று இருக்கிறது, பிடிபி போன்ற பழைய பெரிய கம்பியூட்டர்களைப் போலச் செய்யும் மென்பொருள், பொப் சப்னிக் 1993இல் தொடங்கியது, எம்ஐடி மாதிரியான உரிமம். 2022இல் அதன் நிரல் வைக்கப்பட்டிருந்த முக்கியக் களஞ்சியத்தைப் பராமரித்தவர் வட்டு இமேஜ் கோப்புகளின் கடைசியில் மென்பொருள் தானாகவே கொஞ்சத் தரவைச் சேர்க்கும்படி ஒரு வசதியை வைத்தார். பாதுகாப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது பொறுக்காது: மூலப் பிரதியில் ஒரு பைட் மாறினாலும் அது மூலப் பிரதி இல்லை. எதிர்ப்பு வந்ததும் அவர், அந்த வசதியை மாற்றுகிறவர்கள் தன் இனிவரும் திருத்தங்களைப் பயன்படுத்தக்கூடாது என்று உரிமத்தில் ஒரு வாசகம் சேர்த்தார். அதோடு அது திறந்த உரிமம் என்ற நிலையை இழந்தது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அதற்கு முந்திய எம்ஐடி நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன் சிம்எச் என்று பிரிந்துபோய், ஒரு குழு நடத்தும் திட்டமாக ஆக்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை. உரிமம் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: நீங்கள் கைவிட்டாலும், கோபித்தாலும், கட்டாருக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடம் திரும்பிப் பாராவிட்டாலும், முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் கேட்காமல் அதைத் திருத்தித் தொடரலாமா? தொடரலாம் என்றால் சரியான உரிமம்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எழுதப்பட்ட சஹானா என்ற அனர்த்த நிவாரண மென்பொருள். அம்பாறை மாவட்டத்தில்தான் நாட்டிலேயே அதிக உயிர்கள் போயின, காணாமற்போனவர் பதிவு, முகாம் பதிவு என்று அந்த நாட்களின் குழப்பம் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த மென்பொருள் திறந்த உரிமத்தில் இருந்தபடியால் அடுத்த வருடமே பாகிஸ்தான் பூகம்பத்துக்கு, பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, 2010இல் ஹெய்ட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006க்கான சமூகப்பயன் விருதை அதற்குக் கொடுத்தது. பின்னால் வந்த ஈடன் பதிப்பு எம்ஐடியில் இருக்கிறது.

சரி, எம்ஐடியா ஜிபிஎல்லா என்ற சண்டைக்கு வருவோம். எம்ஐடி என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் உரிமம்: பெயரையும் உரிம வாசகத்தையும் விட்டுவைத்தால் போதும், என்னவும் செய்யலாம், மூடியும் விற்கலாம். மைக்ரோசொஃப்ட் பழைய எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 ஆகியவற்றின் மூலநிரலை 2014இல் முதலில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற உரிமத்தில் காட்டியது. பார்க்கலாம், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. 2018இல் அதையே எம்ஐடியில் மறுபடி விட்டது, 2024இல் 4.00ஐயும் அப்படியே விட்டது. முடிந்துபோன பொருளுக்கு எம்ஐடி அருமையானது, இனி அதில் யாரும் திருத்தம் செய்து மறைத்து வைக்க ஒன்றும் இல்லை. உங்களுடையது முடிந்துபோன பொருள் இல்லையே. ஒவ்வொரு அச்சகத்திலும் ஒரு புது வில்லங்கம் வெளிப்படும். அதைத் திருத்துகிறவர் திருத்தத்தை வைத்துக்கொண்டே வியாபாரம் செய்தால் அடுத்த ஊர்க்காரர் அதே வில்லங்கத்தில் மறுபடி தலையைப் போட்டு உடைக்கவேண்டும்.

ஜிபிஎல் இதைத் தடுக்கும். மாற்றி விநியோகித்தால் மாற்றிய மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும். விற்கக்கூடாது என்று ஜிபிஎல் எங்கேயும் சொல்லவில்லை, இது பலருக்குத் தெரியாது. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கம்பியூட்டரில் ஓட்டும் டாஸ்பொக்ஸ் ஜிபிஎல்தான், பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி அதைச் சேர்த்தே விற்கிறது. முழுசாக நின்று ஓடும் டாஸ்பொக்ஸ் மாதிரியான ஒரு பொருளை நீங்கள் எழுதியிருந்தால் சேர் சொன்னதைக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உங்களுடையது அப்படியில்லை. அதன் உண்மையான பெறுமதி உள்ளே இருக்கும் வாசிப்பானும் மாற்றியும்தான், அந்த ஜன்னலும் பொத்தான்களும் இல்லை. அந்த உள்பகுதி வேறு மென்பொருள்களுக்குள் போய்க் குடியேறினால்தான் முப்பது வருடம் நிற்கும், தனி மென்பொருளாக இருந்தால் பைதன் பதிப்பு இரண்டு தரம் மாறும்போது செத்துவிடும். பேஜ்மேக்கரையே பாருங்கள்: 1985இல் ஆல்டஸ் விட்டது, 1994இல் அடோபியிடம் போனது, 7.0தான் கடைசி. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் திறந்துகொண்டிருந்தது, பிறகு வந்த கிளவுட் பதிப்புகள் அதையும் கைவிட்டன. இன்றைக்கு அந்தக் கோப்புகளைத் திறக்க வழி இருப்பதற்கு முக்கியக் காரணம் 2014இல் அறிவிக்கப்பட்ட ஆவண விடுதலைத் திட்டமும், மற்ற மென்பொருள்கள் உள்ளே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அதன் லிப்பேஜ்மேக்கர் என்ற நிரல் நூலகமும்தான். அதை அவர்கள் எந்த உரிமத்தில் விட்டார்கள்? எம்பிஎல் 2.0. அதனால்தான் லிபர்ஒஃபிஸ் போன்ற அலுவலக மென்பொருள்கள் தயக்கமில்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டன. ஜிபிஎல்லில் இருந்தால் லிபர்ஒஃபிஸ் தன் மூலக்கருவுக்குள் அதைச் சேர்க்காது.

எம்பிஎல் எப்படி வேலை செய்கிறது என்றால், கட்டுப்பாடு கோப்பு அளவில் நிற்கிறது. உங்கள் கோப்பில் கைவைத்து அதை வெளியே கொடுத்தால் அந்தக் கோப்பின் திருத்தத்தைத் திறந்து கொடுக்கவேண்டும். பக்கத்தில் அவர்கள் தங்களுக்கென்று எழுதும் புதுக் கோப்புகள் அவர்கள் இஷ்டம், மூடிக்கொள்ளலாம். சென்னைக் கொம்பனி ஒன்று எடுத்து விற்கட்டுமே, உங்கள் பெயரும் உரிமக் குறிப்பும் கோப்புத் தலையில் இருக்கவேண்டும், வாங்கியவருக்கு அந்தக் கோப்புகளின் மூலநிரல் எங்கே கிடைக்கும் என்று சொல்லவேண்டும், மாற்றியிருந்தால் மாற்றமும் அதில் இருக்கவேண்டும். உங்கள் பயத்துக்கு இவ்வளவு மருந்து போதும் என்பது என் அபிப்பிராயம். ஜிபிஎல் திட்டம் ஒன்றுக்குள் சேர்க்கவும் எம்பிஎல் 2.0 இடம் கொடுக்கிறது, நீங்களாக அதை மறுக்கும் அந்தப் பின்னிணைப்பு வாசகத்தைப் போடாவிட்டால் சரி. போடவேண்டாம்.

ஒருவர் இதை இணையத்தளமாக நடத்தி, கோப்பை ஏற்றினால் மாற்றித் தருகிறேன் என்று திருத்தத்தை மறைத்து வைத்தால்? எம்பிஎல்லோ சாதாரண ஜிபிஎல்லோ அதைப் பிடிக்காது, இணையச் சேவைக்கும் பொருந்தும் ஜிபிஎல் வகையான ஏஜிபிஎல்தான் பிடிக்கும். ஆனால் ஏஜிபிஎல் என்றாலே தொடமாட்டோம் என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. இந்த அளவு சிறிய கருவிக்கு அது கூடுதல் பூட்டு.

இனி அட்டவணைகள். பாமினியில் "தமிழ்" என்று அடித்த கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நாலு சிறிய ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். ஜே என்றால் த, ஓ என்றால் ழ என்ற இந்தத் தகவல் யாருடைய சொத்து? நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணக்கரு, செயன்முறை, முறைமை, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. ஒழுங்குபடுத்திய தொகுப்புக்கு ஓரளவு உரிமை கேட்கலாம், ஆனால் அதில் போய் நிபந்தனை போடுவது வீண்வேலை: அமல்படுத்தமுடியாது, நல்ல மனிதர்களுக்கு மட்டும் தடை. பாமினி, அதைத் திருத்தி ஒவ்வொரு அச்சகமும் வைத்திருந்த பிரதிகள், டிஸ்கி, டாம், டாப் என்று எத்தனை குறிமுறைக்கு அட்டவணை சேர்த்தாலும் எல்லாவற்றையும் சிசி0இல் விடுங்கள். நீங்கள் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகளையும்தான், கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருப்பதை எப்படிப் பின்னால் நகர்த்துவது, ஒகர ஓகாரங்களின் இரண்டு துண்டுகளை எப்படி ஒட்டுவது என்பவை எல்லாம். நிரல் செத்தாலும் அந்த ஐந்தாறு பக்கம் இருந்தால் இன்னொருவர் இரண்டு வாரத்தில் புதிதாக எழுதிவிடுவார். உண்மையில் பாதுகாக்கப்படவேண்டியது அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் நிரலுக்கு சிசி0 வேண்டாம். அதில் காப்புரிமம், அதாவது பேட்டன்ட், தரப்படவில்லை என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அதனாலேயே ஃபெடோரா லினக்ஸ் திட்டம் 2022இல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது, தரவுக்கும் உள்ளடக்கத்துக்கும் மட்டும் ஏற்கிறது. எம்பிஎல்லில் பேட்டன்ட் வாசகம் தெளிவாக உண்டு.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் பார்க்கவேண்டிய ஒன்று. அந்த ஜன்னலை எதில் செய்தீர்கள்? பைகியூட்டி என்ற ஜன்னல் செய்யும் தொகுதி என்றால் அது ஜிபிஎல் 3, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கும் உரிமம். அதோடு சேர்த்துக் கட்டி ஒரு இன்ஸ்டோலராகக் கொடுத்தால் அந்தக் கட்டு முழுவதும் ஜிபிஎல் 3 நிபந்தனைக்குள் போகும். அதைப்போன்ற பைசைட் என்றால் ஜிபிஎல்லின் தளர்ந்த வகையான எல்ஜிபிஎல், தலையிடி குறைவு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது பெரும்பாலும் இறக்குமதி வரிகளை மாற்றுகிற வேலைதான். ஃப்ளொப்பியை எதனால் வாசித்தீர்கள் என்பதும் இருக்கிறது. கிரீஸ்வீசில் என்ற ஃப்ளொப்பி வாசிக்கும் கருவி என்றால் அதன் மென்பொருள் பொதுவுடைமையாகவே விடப்பட்டது. கிரையோஃப்ளக்ஸ் என்ற கருவி என்றால் அதன் மென்பொருள் தனியார் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம், நிறுவனங்கள் உரிமம் வாங்கவேண்டும், அதன் கோட் எதையும் உங்கள் களஞ்சியத்துக்குள் எடுத்துப் போடக்கூடாது. 1.44 என்று நாம் சொல்லும் ஃப்ளொப்பியின் இமேஜ் சரியாக 14,74,560 பைட்தான், அதை வாசிக்கும் பகுதியை நீங்களே எழுதியிருந்தால் இந்தக் கவலை ஒன்றும் இல்லை.

எழுத்துரு. பாமினியைக் களஞ்சியத்துக்குள் வைக்கவேண்டாம். இருபது வருடமாக எல்லோருடைய கம்பியூட்டரிலும் இருக்கிறது, எந்தத் தளத்திலும் சும்மா கிடைக்கிறது என்பதெல்லாம் உரிமம் ஆகாது, மறுவிநியோகம் செய்யலாம் என்று உரியவர் எழுதிய ஒரு வரி வேண்டும். மாற்றிய எழுத்தைக் காட்ட நோட்டோ சான்ஸ் தமிழைச் சேருங்கள், அது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கிறது, மென்பொருளோடு சேர்த்து விநியோகிக்கலாம். மூலப் பக்கம் எப்படி இருந்தது என்று காட்டவேண்டும் என்றால், பயனாளரின் கம்பியூட்டரில் பாமினி இருந்தால் எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, எழுதியவுடன் உங்களுடையது, ஆயுள்காலமும் அதற்குமேல் 70 வருடமும். ஆனால் வேலையின் பகுதியாக எழுதியது, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, வேலைகொடுத்தவருக்குச் சொந்தம். நீங்கள் பகலில் ஒரு கொம்பனியில் இருந்துகொண்டு அங்குள்ள லெப்டொப்பில் எழுதியிருந்தால் ஒரு மின்னஞ்சல் போட்டு எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று பதில் வாங்கி வையுங்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அங்குள்ள விதியை முதலில் கேளுங்கள். கூட்டாளி கொஞ்சம் எழுதினார் என்று சொன்னீர்கள், அவரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும், அது இன்றைக்கு ஒரு நிமிட வேலை.

செய்யவேண்டிய வேலை என்று பார்த்தால் பெரிதாக இல்லை. எம்பிஎல் வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் முழுதாக ஒரு கோப்பில் போடுங்கள், ஒவ்வொரு மூலநிரல் கோப்பின் தலையிலும் பெயர், வருடம், உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. அட்டவணைகளைத் தனி அடைவில் வைத்து அதற்குள் சிசி0 வாசகத்தையும் வையுங்கள். ஃப்ளொப்பிகள் மாதிரித்தான், கோப்புகள் கூட்டத்திலிருந்து பிரிந்து அலையும், ஆகவே உரிமம் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கவேண்டும். உரிமமே போடாமல் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் விடுவது மட்டும் வேண்டாம், அது எல்லா உரிமையும் பாதுகாக்கப்பட்டது என்பதற்குச் சமம், பார்க்கலாம், அங்கேயே தனக்கென்று ஒரு பிரதி எடுக்கலாம், அவ்வளவுதான். பதிப்பு வெளியானதும் சொஃப்ட்வெயர் ஹெரிடேஜ் காப்பகத்தில் சேமிக்கச் சொல்லி முகவரியைக் கொடுத்துவிடுங்கள், பிரான்சின் இன்ரியா 2016இல் திறந்தது, பணம் கேட்பதில்லை.

கடைசியாக அந்தப் பெட்டி. மென்பொருளின் உரிமம் ஃப்ளொப்பியில் இருக்கும் மலர்களுக்குப் பொருந்தாது. கட்டுரை எழுதியவருக்குக் கட்டுரை, கவிதை எழுதியவருக்குக் கவிதை, அச்சகக்காரர் அடித்துக்கொடுத்தவர் மட்டும்தான். ஆகவே சோதனைக் கோப்பு என்று அசல் கலியாணக் காட்களைக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள், அதில் ஆட்களின் பெயரும் விலாசமும் இருக்கும். நீங்களே நாலு வரி எழுதி, அந்தப் பழைய கம்பியூட்டரிலேயே பேஜ்மேக்கரில் அடித்துச் சேமித்த கோப்புகளை வையுங்கள், அவற்றையும் சிசி0இல் விடுங்கள். மலர்களை வெளியிட விருப்பம் என்றால் வெளியிட்ட கோயில் சபையிடமும் பாடசாலையிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நூலகம் நிறுவனத்துடன் பேசிப்பாருங்கள், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவருகிறார்கள். ஃப்ளொப்பிகளை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்கவேண்டாம், இந்த உப்புக்காற்றில் அவை பூஞ்சணம் பிடிக்கும், இமேஜ் எடுக்கிற வேலையை இந்தக் கிழமையே முடியுங்கள்.